கொட்டகையைக் கழுவினால் மட்டும் மேய்ச்சல் மாட்டு ஈ போகாது

கொட்டகை சுத்தமாக இருந்தாலே மேய்ச்சல் மாட்டின் மேல் ஈ மொய்க்காது என்று சிலர் சொல்கிறார்கள். சுத்தம் அவசியம்தான், கொட்டகையில் பெருகும் ஈக்கள் அதில் குறையும். ஆனால் மாட்டின் முதுகிலும் விலாவிலும் தலை கீழ்நோக்கி அப்பிக்கொண்டு ரத்தம் குடிக்கும் சின்ன ஈ, அதாவது கொம்பு ஈ, முட்டையிடுவது மாடு அப்போதுதான் போட்ட சாணியில். கொட்டகைக் குப்பையில் இல்லை. அந்த முட்டை ஈயாக மாற வெயில் காலத்தில் 10 முதல் 20 நாள் போதும்.

நீங்களே பார்க்கலாம். மேய்ச்சல் நிலத்தில் மாடு சாணி போடும்போது கொஞ்சம் தள்ளி நின்று கவனியுங்கள், உடம்பிலிருந்து ஈக்கள் இறங்கி அந்தச் சூடான சாணியில் உட்கார்ந்துவிட்டு சீக்கிரமே மாட்டுக்குத் திரும்பிவிடும். அப்புறம் சில நாள் கழித்து அதே சாணியைக் குச்சியால் கிளறினால் உள்ளே புழு நெளிவது தெரியும். நல்ல வெயில் நாளில் அதைக் கலைத்துப் பரப்பிக் காயவிட்டால் அந்தப் புழு பிழைக்காது.