கிளியா செல்களை அழித்தால் குடல் புண் ஆறாது
"குடலில் இருக்கும் கிளியா செல்கள்தான் அழற்சிக்குக் காரணம், அவை ஒழிந்தால் புண் ஆறிவிடும்" என்று குடல் புண் பற்றிய இந்தப் பேச்சில் ஒருவர் அடித்துச் சொல்கிறார். கிளியா என்பவை குடல் நரம்புகளுக்குத் துணையாக இருக்கும் செல்கள். அவர் சொல்வதில் பாதிதான் உண்மை. அழற்சி வந்ததும் இவை எஸ்100பி புரதத்தை அதிகம் வெளியிடும். அதனால் நைட்ரிக் ஆக்சைடு என்ற வாயு கூடி அழற்சி வலுக்கும், அது சரி. ஆனால் இதே செல்கள் ஜிடிஎன்எஃப் என்ற காரணியையும் சுரந்து, குடலின் உட்சுவர்ச் செல்கள் மடியாமல் காக்கின்றன. 1998-ல் வெளியான ஆய்வில், நல்ல நிலையில் இருந்த சுண்டெலிகளில் இவற்றை அழித்தார்கள். சிறுகுடலில் கடும் அழற்சி வந்து எலிகள் செத்தே போயின. பின்னாளில் வேறு முறையில் அழித்தபோது அழற்சி வரவில்லை, குடல் அசைவுதான் மாறியது. எப்படிப் பார்த்தாலும் இது வைத்தியம் ஆகாது.

குடல் புண்ணுக்கு வழி கேட்ட கடலூர்த் தம்பி, இதை நம்பி மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனையில் குடல் நோய்க்குத் தனிப் பிரிவே இருக்கிறது. பழைய கொலனோஸ்கோபி (பெருங்குடலுக்குள் கேமரா விட்டுப் பார்க்கும் சோதனை) ரிப்போர்ட்டோடு போய்க் காட்டுங்கள்.