பர்ரனின் மாடுகளை மறந்துவிட்டீர்கள்
அயர்லாந்தின் பர்ரன் என்ற சுண்ணாம்புப் பாறைப் பகுதியைப் பற்றி 1651-இல் ஆங்கிலத் தளபதி எட்மண்ட் லட்லோ சொன்னதை, பர்ரன் பற்றிய உங்கள் கட்டுரை பாதியிலேயே நிறுத்திவிட்டது. ஆளை மூழ்கடிக்கத் தண்ணீர் இல்லை, தூக்கிலிட மரம் இல்லை, புதைக்க மண் இல்லை என்றது சரி. ஆனால் அங்குள்ள மாடுகள் நன்றாகக் கொழுத்திருக்கின்றன, பாறைகளுக்கு நடுவே முளைக்கும் புல் அவ்வளவு சத்தானது என்றும் அவரே எழுதியிருக்கிறார். அந்த மீதிப் பாதிதான் பர்ரனின் உயிர். மே மாதம் பாலிவான் கிராமத்தில் மூன்று நாள் தங்கியிருந்தேன். சாம்பல் நிறச் சுண்ணாம்புப் பாறைகளுக்கு இடையே ஜென்ஷியன் பூக்கள் அப்படியொரு நீலம்! கட்டுரைக்கு மேலே கருத்து எழுதிய ஒரு நண்பர், பூக்களைக் காக்க மாடுகளை வெளியேற்றச் சொல்கிறார். உண்மை நேர்மாறானது. மற்ற மலைநாடுகளில் கோடையில் மாடுகளை மலைமேல் ஓட்டுவார்கள், பர்ரனில் குளிர்காலத்தில் ஓட்டுகிறார்கள். கோடை வெயிலின் சூட்டைப் பாறை கொஞ்சம் தேக்கி வைத்திருக்கும், தரையும் ஈரமில்லாமல் இருக்கும். காய்ந்த புல்லை மாடுகள் மேய்ந்து தீர்த்தால்தான் வசந்தத்தில் சின்னப் பூக்களுக்கு வெளிச்சம் கிடைக்கும். மேய்ச்சல் நின்ற இடங்களில் ஹேசல் புதர் மண்டி, பூக்களோடு பழைய கல்கோட்டைச் சுவர்களையும் மூடிவிடுகிறது. அப்புறம், 'புதைக்க மண் இல்லை' என்ற இதே பூமியில், பாலிவானுக்குத் தெற்கே உள்ள பால்னப்ரோன் என்ற பழங்காலக் கல்லறையை (கல்திட்டை) 1980-களில் அகழ்ந்தபோது 30-க்கும் மேற்பட்டவர்களின் எலும்புகள் கிடைத்தன. 5,000 ஆண்டுகளுக்கும் முன்பே அங்கே உழவும் மேய்ச்சலுமாக வாழ்ந்தவர்கள் அவர்கள்.