"தேவ சித்தம்" என்று யார் சொல்வது?

"நீங்கள் எனக்குத் தீமைசெய்ய நினைத்தீர்கள், தேவனோ அதை நன்மையாக முடியப்பண்ணினார்" என்று, தன்னை விற்ற அண்ணன்மாரிடம் யோசேப்பு சொன்னான். அந்த வார்த்தையை அவன் அண்ணன்மார் வாயில் வைத்துப் பாருங்கள். "நாங்க உனக்குத் தீமைதான் செஞ்சோம், ஆனா தேவன் அதை நன்மையா முடிச்சுட்டாருல்ல?" கேட்கவே காது கூசுகிறது. குழியில் தள்ளப்பட்டு, இருபது வெள்ளிக்காசுக்கு விற்கப்பட்டு, செய்யாத குற்றத்துக்குச் சிறையில் கிடந்தவன் சொன்னதால்தான் ஆதியாகமம் 50ஆம் அதிகாரத்தில் அந்த வார்த்தைக்கு உயிர் இருக்கிறது. விற்றவர்கள் ஓரிடத்திலும் அப்படிப் பேசவில்லை. தம்பி கெஞ்சினானே, பார்த்தும் காது கொடுக்காமல் போனோமே என்றுதான் எகிப்தில் புலம்புகிறார்கள்.

இதை எழுதக் காரணம் எங்கள் சித்தி. பொறையார் பக்கம், கடைமடை ஊர். சித்தப்பா இறந்த பிறகு, பட்டா மாற்றத் தோதாக இருக்கும் என்று சொல்லி கொழுந்தனார் பவர் எழுதி வாங்கினார். மேட்டூர் திறந்து தண்ணீர் எட்டி, நாற்றங்காலுக்கு ஆள் சொல்லப் போனவள் கண்டது, தன் அஞ்சு மா வயலில் யாரோ ஒருவர் டிராக்டரில் சேறடித்துக்கொண்டிருந்ததை. வில்லங்கம் போட்டுப் பார்த்தால் கிரயமாகி நாலு மாதம் ஆகியிருந்தது. அந்த நகலை மஞ்சப்பையில் மடித்து வைத்திருக்கிறாள். மடிப்பில் கிழியத் தொடங்கிவிட்டது.

வீட்டு ஜெபத்துக்கு வந்த சபைப் பெரியவர்கள் சொன்னார்கள்: "எல்லாம் தேவ சித்தம்மா. யூதாஸ் இல்லாட்டி சிலுவை ஏது? மன்னிச்சு விட்டுடு, கேஸு கீஸுன்னு அலையாதே."

தேவனுடைய ஆளுகையை நான் முழுசாக நம்புகிறேன். அவரில்லாமல் ஓர் அடைக்கலான் குருவியும் தரையில் விழாது. அதனால்தான் இந்தப் பேச்சு எனக்குப் பொறுக்கவில்லை. கடைசிப் பந்தியில் இயேசு என்ன சொன்னார்? "தீர்மானிக்கப்பட்டபடியே மனுஷகுமாரன் போகிறார், ஆனாலும் அவரைக் காட்டிக்கொடுக்கிற மனுஷனுக்கு ஐயோ." லூக்கா 22:22. தீர்மானமும் ஐயோவும் ஒரே மூச்சில் வருகின்றன. முதல் பாதியை மட்டும் பிரசங்கம் பண்ண நமக்கு யார் அதிகாரம் கொடுத்தது?

யூதாஸின் காலையும் அவர் கழுவினார். அப்பத் துணிக்கையைத் தோய்த்து அவன் கையில் கொடுத்தார். தோட்டத்தில் முத்தமிட வந்தவனை "சிநேகிதனே" என்றார். எழுதியபடி நடிக்கிற பொம்மையிடம் யாரும் இப்படி நடந்துகொள்வதில்லை. யூதாஸுக்கும் அது தெரிந்திருந்தது. முப்பது வெள்ளிக்காசைத் திருப்பிக் கொண்டுவந்தவன், தீர்க்கதரிசனம் நிறைவேறத்தானே செய்தேன் என்று வாதாடவில்லை, பாவஞ்செய்தேன் என்றான். அவனுக்குப் பிரதான ஆசாரியரும் மூப்பரும் சொன்ன பதில்: "எங்களுக்கென்ன, அது உன்பாடு." மத்தேயு 27ஐ வாசிக்கும்போதெல்லாம் இங்கேதான் நின்றுபோகிறேன். ஆளைக் கைவிட்டுவிட்டு, அந்தக் காசைக் காணிக்கைப் பெட்டியில் போடலாமா கூடாதா என்று உட்கார்ந்து ஆலோசிக்கிறார்கள். இரத்தக்கிரயமாயிற்றே, கூடாதாம். குயவன் நிலத்தை வாங்குகிறார்கள். பெட்டி தீட்டுப்படாமல் தப்பித்தது.

பெந்தெகொஸ்தே நாளில் இயேசுவின் சீஷன் பேதுருவும் தேவனுடைய தீர்மானத்தைப் பேசினான். யாரிடம்? தேவன் நிர்ணயித்தபடியே ஒப்புக்கொடுக்கப்பட்டவரை நீங்கள் கொலைசெய்தீர்கள் என்று, செய்தவர்களிடமே. அவர்கள் இருதயத்தில் குத்தப்பட்டு, நாங்கள் என்ன செய்யவேண்டும் என்று கேட்டார்கள். மனந்திரும்புங்கள் என்றான். தேவனுடைய தீர்மானம் குற்றவாளியைத் தட்டி எழுப்பத்தான் அங்கே பேசப்பட்டது. நாமோ அதைக் கொண்டுபோய், பறிகொடுத்தவள் வாயை அடைக்கிறோம். கொழுந்தனார் வீட்டுக்கு ஒருவரும் போகவில்லை.

இத்தனைக்கும் எங்களுக்குச் சுவிசேஷம் வந்த கரை கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. 1706இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய ஜெர்மன் மிஷனரி சீகன்பால்குவை 1708இல் டேனிஷ் கோட்டைத் தளபதி சிறையில் அடைத்தார். அடைத்தவரும் கிறிஸ்தவர்தான். நாலு மாதம் போல உள்ளே கிடந்தார். வழக்கின் தொடக்கம் எது தெரியுமா? ஒரு தமிழ் விதவையின் கடன் தகராறு. செத்துப்போன கணவருக்கும் டேனிஷ் கம்பெனி மொழிபெயர்ப்பாளர் ஒருவருக்கும் இருந்த கொடுக்கல் வாங்கல். அவளுக்காக அவர் திரும்பத் திரும்பத் தலையிட்டது தளபதிக்குப் பிடிக்கவில்லை. சீகன்பால்கு தமிழில் மொழிபெயர்த்த புதிய ஏற்பாடு 1715இல் தரங்கம்பாடியில் அச்சாகி முடிந்தது. அந்தச் சிறையையும் கர்த்தர் வீணாக விடவில்லை என்று நாம் சாட்சி சொல்லலாம். அதற்காகத் தளபதி செய்தது நியாயமாகிவிடாது. விதவையின் பணப் பிரச்சினையில் தலையிட்டதற்காகச் சிறை போனவரின் பேரைச் சொல்லிக்கொண்டு, ஒரு விதவையிடம் போய் "விட்டுடு" என்கிறோம்.

சித்தி ஒருநாள் யோசேப்பு மாதிரிப் பேசலாம். பேசாமலும் போகலாம். அது அவளுக்கும் கர்த்தருக்கும் உள்ளது. நாம் தேதி குறிக்க வேண்டாம். மன்னிப்பு என்பது பத்திரத்தை விட்டுக்கொடுப்பதும் அல்ல.

அடுத்த மாதம் மயிலாடுதுறை கோர்ட்டில் வாய்தா. பேருந்து ஏற்றிவிட நான் போவேன். ஜெபத்துக்கு வந்த பெரியவர்களில் இரண்டு பேர் அன்றைக்கு அவளோடு வாருங்கள். மீதிப் பேர், இந்த வாரமே கொழுந்தனார் வீட்டுக் கதவைத் தட்டுங்கள்.