எந்தப் பிரிவின்படி கேட்கிறீர்கள்?

சில ஆண்டுகளுக்கு முன்பு ஓர் அரசு அலுவலகத்திலிருந்து எனக்கு வந்த கடிதத்தை இன்னும் கோப்பில் வைத்திருக்கிறேன். நான் ஏற்கெனவே நேரில் கொண்டுபோய்க் கொடுத்திருந்த கிரயப் பத்திர நகலையும் சொத்து வரி ரசீதுகளையும் இதுநாள் வரை தாக்கல் செய்யவில்லை என்றும், தவறினால் சட்டப்படி நடவடிக்கை எடுக்கப்படும் என்றும் அதில் எழுதியிருந்தார்கள். கொடுத்த அன்று மேசையில் இருந்தவர் காகிதங்களை வாங்கி வைத்துக்கொண்டு, "சரி, போயிட்டு வாங்க" என்றார். நானும் ஒப்புகைச் சீட்டு கேட்காமல் வந்துவிட்டேன். மறுபடியும் நகலெடுத்துக் கொடுத்ததோடு என் விவகாரம் முடிந்துவிட்டது. ஆனால் 'சட்டப்படி நடவடிக்கை' என்றால் எந்தச் சட்டம் என்று தேடிப் படிக்கத் தொடங்கியது அந்தக் கடிதத்துக்குப் பிறகுதான்.

அப்போது இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 175-ஆவது பிரிவாக இருந்தது, 2024 ஜூலை 1 முதல், அந்தச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 210-ஆவது பிரிவாக இருக்கிறது. பொது ஊழியர் ஒருவரிடம் ஓர் ஆவணத்தையோ மின்னணுப் பதிவையோ ஒப்படைக்கச் சட்டப்படி கடமைப்பட்டவர், அதை வேண்டுமென்றே ஒப்படைக்காமல் விட்டால், ஒரு மாதம் வரை சாதாரணச் சிறைத் தண்டனையோ 5,000 ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ விதிக்கலாம். ஒப்படைக்க வேண்டிய இடம் நீதிமன்றமாக இருந்தால் சிறை ஆறு மாதம் வரை, அபராதம் 10,000 ரூபாய் வரை. பழைய சட்டத்தில் அபராதம் முறையே 500, 1,000 ரூபாயாக இருந்தது. 1860-இல் ஒரு குடும்பத்தையே கவிழ்த்திருக்கக்கூடிய அந்தத் தொகை, 2024 வரை அப்படியே நின்றது. புதிய சட்டத்தில் தொகையைப் பத்து மடங்காக்கியதோடு, விளக்க உதாரணத்தில் இருந்த 'ஜில்லா கோர்ட்' என்பதை 'மாவட்ட நீதிமன்றம்' என்று மாற்றினார்கள். மற்றபடி பிரிவின் உயிர் பழையதுதான்.

அந்த உயிர் இரண்டு சொற்களில் இருக்கிறது: 'சட்டப்படி கடமைப்பட்டவர்', 'வேண்டுமென்றே'. அதிகாரி கேட்டார், இவர் கொடுக்கவில்லை என்பதால் மட்டும் குற்றம் பிறப்பதில்லை. கொடுத்தாக வேண்டும் என்ற கடமையை வேறொரு சட்டமோ, அந்தச் சட்டத்தின்கீழ் முறையாகப் பிறப்பித்த ஆணையோ முதலில் உண்டாக்கியிருக்க வேண்டும். அந்தக் கடமை தனக்கு இருக்கிறது என்று தெரிந்தும் அவர் கொடுக்காமல் விட்டிருக்க வேண்டும். 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையிலும் கடலூரிலும் எத்தனையோ வீடுகளில் பத்திரங்களும் குடும்ப அட்டைகளும் போயின. நகல் வழங்க அரசே சிறப்பு முகாம்கள் நடத்தியது. அப்படித் தொலைத்தவர், கேட்டபோது கொடுக்க முடியாமல் நிற்பது இந்தப் பிரிவுக்குள் வராது.

காவல்துறையை எடுத்துக்கொள்வோம். விசாரணைக்கு ஓர் ஆவணம் தேவை என்றால், குற்ற வழக்குகளின் நடைமுறையைச் சொல்லும் புதிய சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 94-ஆவது பிரிவின்படி காவல் நிலையப் பொறுப்பு அதிகாரி எழுத்து மூலம் ஆணையிட வேண்டும். காகிதத்தில் இருக்கலாம், மின்னணு வடிவிலும் இருக்கலாம், ஆனால் எழுத்தாக இருக்க வேண்டும். எந்த ஆவணம், எங்கே, எப்போது என்பதெல்லாம் அதில் வர வேண்டும். பலருக்குத் தெரியாத ஒரு சலுகையும் அதே பிரிவில் இருக்கிறது: ஆவணத்தை மட்டும் கேட்டிருந்தால், நீங்களே போய் நிற்க வேண்டியதில்லை, யாரிடமாவது கொடுத்தனுப்பினாலே ஆணையை நிறைவேற்றியதாகிவிடும். தொலைபேசியில் கூப்பிட்டு, "நாளைக்குக் காலையில எல்லாப் பேப்பரையும் எடுத்துக்கிட்டு வாய்யா" என்று சொல்வது அந்தப் பிரிவின்படியான ஆணை ஆகாது. கடைக்காரர்கள் பெரும்பாலும் போய்விடுகிறார்கள் என்பது வேறு விஷயம்.

குற்றம் சாட்டப்பட்டவரின் நிலை இன்னும் வேறு. குஜராத்தில் ஒரு வட்டிக்கடைக்காரர் மீதான வழக்கில், அவருடைய கணக்குப் புத்தகங்களை அவரே கொண்டுவந்து கொடுக்கும்படி ஆணையிட முடியுமா என்ற கேள்வி உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வுக்குப் போனது. தனக்கு எதிராகத் தானே சாட்சியாகும்படி குற்றம் சாட்டப்பட்ட யாரையும் கட்டாயப்படுத்தக் கூடாது என்கிறது அரசியல் சாசனத்தின் 20(3) பிரிவு. இன்றைய 94-ஆவது பிரிவுக்கு மூதாதையான அன்றைய பிரிவு, குற்றம் சாட்டப்பட்டவரைக் கட்டுப்படுத்தாது என்று 1964-இல் பெரும்பான்மை நீதிபதிகள் தீர்ப்பளித்தார்கள். போலீசார் சோதனை ஆணை பெற்று அதே புத்தகத்தை எடுக்கலாம். ஆனால் கொண்டுவந்து நீட்டவில்லை என்பதற்காக அவரைச் சிறையில் வைக்க முடியாது.

இன்னொன்று, மிரட்டலுக்கும் சட்டத்துக்கும் உள்ள தூரம். 210-ஆவது பிரிவுக் குற்றத்துக்காகப் போலீசார் தாமாக வழக்குப் பதிந்து கைது செய்ய முடியாது. ஆவணத்தைக் கேட்ட அந்தப் பொது ஊழியரோ அவருக்கு மேலுள்ள நிர்வாக அதிகாரியோ அவர் அதிகாரம் அளித்த வேறொரு பொது ஊழியரோ எழுத்து மூலம் புகார் கொடுத்தால்தான் நீதிமன்றம் வழக்கையே கையில் எடுக்கும். பிணையும் உரிமையாகக் கிடைக்கும்.

இந்தப் பிரிவே வேண்டாம் என்பது என் கருத்தன்று. கூலிப் பதிவேட்டை ஆய்வாளரிடம் காட்ட மறுக்கும் முதலாளிக்கு எதிராக ஒரு செங்கல் சூளைத் தொழிலாளி வேறு எதைக் கொண்டு தன் கணக்கை நிரூபிப்பார்? பதிவேடு முதலாளி கையில் இருக்கிறது, அதன் தேவை தொழிலாளிக்கு இருக்கிறது. அந்த இடைவெளியை அடைக்கத் தண்டனைப் பயம் தேவைதான். என் வருத்தமெல்லாம், "எந்தப் பிரிவின்படி கேட்கிறீர்கள்?" என்ற கேள்வியைக் கேட்கும் வசதி ஆளுக்கு ஆள் மாறுபடுகிறது என்பதுதான்.

2023 நவம்பரில் சட்டவிரோத மணல் அள்ளல் விவகாரத்தில் மத்திய அரசின் அமலாக்கத் துறை தமிழ்நாட்டின் மாவட்ட ஆட்சியர்கள் சிலருக்கு, ஆவணங்களுடன் நேரில் வரும்படி அழைப்பாணை அனுப்பியது நினைவிருக்கும். மாநில அரசு சென்னை உயர் நீதிமன்றம் போய் இடைக்காலத் தடை வாங்கியது. 2024 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் அந்தத் தடையை நிறுத்திவைத்து, ஆட்சியர்கள் போயாக வேண்டும் என்றது. இதில் யார் பக்கம் நியாயம் என்பதற்குள் நான் போகவில்லை. உங்களுக்கு இதைக் கேட்க அதிகாரம் உண்டா என்ற கேள்வியை, தினமும் பிறரிடம் ஆவணம் கேட்கும் இடத்தில் இருப்பவர்களுக்காகவே ஓர் அரசு மூத்த வழக்கறிஞர்களை வைத்துக் கேட்டது என்பதைத்தான் கவனிக்கிறேன். கேட்டதில் தவறில்லை. அதே கேள்வியை ஒரு மளிகைக் கடைக்காரர் கேட்டால் அதற்குத் திமிர் என்று பெயர்.

திசையை மாற்றிப் பாருங்கள். குடிமகன் ஆவணம் கேட்டு அதிகாரி கொடுக்காவிட்டால் என்ன? தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 20-ஆவது பிரிவின்படி நாளொன்றுக்கு 250 ரூபாய், அதிகபட்சம் 25,000 ரூபாய் தண்டத் தொகை; கேட்ட தகவலை அழித்துவிட்டாலும் இதே பிரிவில் இதே தொகைதான். சிறை என்ற சொல்லே அந்தப் பிரிவில் இல்லை. தொகையைப் பார்த்தால் குடிமகனின் 5,000 ரூபாயைவிட அதிகம்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் தண்டம் கட்டிய அதிகாரி குற்றவாளி ஆவதில்லை, அபராதம் கட்டிய குடிமகன் ஆகிறார்.

எனக்குப் பெரிய சட்டத் திருத்தம் எதுவும் தேவையில்லை. ஆவணம் கேட்டு அனுப்பும் ஒவ்வொரு கடிதத்திலும், கொடுக்கும் கடமை எந்தச் சட்டத்தின் எந்தப் பிரிவிலிருந்து வருகிறது என்ற ஒரு வரியும், கேட்கும் ஆவணங்களின் பட்டியலும் இருக்கட்டும். அந்த ஒரு வரியை எழுத முடியாத அதிகாரிக்கு, கேட்கும் அதிகாரமும் இல்லை என்றுதான் பொருள். வாங்கிக்கொள்ளும்போது முத்திரையும் தேதியும் போட்ட ஒப்புகைச் சீட்டைக் கேட்காமலே கொடுக்கட்டும். என் கோப்பில் இருக்கும் அந்தக் கடிதத்துக்குப் பின்னால், இரண்டாவது முறை கொடுத்தபோது கேட்டு வாங்கிய சீட்டைக் குத்தி வைத்திருக்கிறேன். அதை வாங்க முக்கால் மணி நேரம் நிற்க வேண்டியிருந்தது.