கல்லை விட்டெறிந்து படம் எடுக்கிற கூட்டம்

பறவை தானாகப் பறக்கும்வரை உட்காரப் பொறுமை இல்லாதவர்கள் எதற்கு ஐயா லட்சக்கணக்கில் கொட்டி லென்ஸ் வாங்குகிறீர்கள்?

ஊட்டியிலிருந்து கூடலூர் போகிற வழியில் இருக்கிறது காமராஜ் சாகர் அணை. ஜனவரி விடியலில் கரைப் புல்லெல்லாம் உறைபனி. அதன் மேல் சாக்கை விரித்துக் குப்புறப் படுத்து, கேமராவைத் தண்ணீர் மட்டத்துக்கு இறக்கி, விரல் மரத்துப்போகக் கிடக்கிறோம். வெயில் ஏறி மூடுபனி விலகுகிற அந்தக் கொஞ்ச நேரம்தான் நமக்கு. தண்ணீரில் முங்கி முங்கி எழுகிற சின்ன நீர்ப்பறவையான முக்குளிப்பான் மெல்ல மெல்லக் கரைப்பக்கம் வரும். சரியாக அப்போது ஒரு கார் வந்து நிற்கும். நாலு கதவும் படார் படாரென்று சாத்தப்படும்.

“ஏங்ணா, சும்மாவே உட்கார்ந்துட்டு இருக்குதே, ஒரு கல்லை விட்டா பறந்துரும்ல?”

கேட்டுக்கொண்டே எறிந்தும் விடுவார்கள். இன்னொரு கோஷ்டி கை தட்டும், விசில் அடிக்கும். கரையோரமாக ஒருவரை ஓடவிட்டு, மற்றவர்கள் கேமராவோடு வரிசையாக நிற்பதும் உண்டு. ட்ரோன்காரர்களைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் எனக்கு ரத்தக் கொதிப்பு ஏறும், விடுங்கள்.

இதில் படமாவது உருப்படியாகக் கிடைக்கிறதா? பயந்து எழும்புகிற பறவை உங்களுக்கு முதுகைக் காட்டித்தான் ஓடும். வால் மட்டும் விழுந்த படத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வதாக உத்தேசம்? காற்று எந்தப் பக்கமிருந்து வீசுகிறது என்று பார்த்து, அதை முதுகில் வாங்கி உட்காருங்கள். பறவை பெரும்பாலும் எதிர்காற்றில்தான் எழும்பும், இறங்கும். உங்களைப் பார்த்தே வரும். கல்லே வேண்டாம்.

நீர்க்காகம் மரக்கட்டையில் சிறகை விரித்து நிற்பது உங்களுக்கு போஸ் கொடுப்பதற்காக இல்லை. அதன் சிறகு தண்ணீரில் நனையும். நனைவதால்தான் ஆழத்துக்குப் போய் மீன் பிடிக்க முடிகிறது. பிடித்து முடித்ததும் காயவைத்தாக வேண்டும். அந்தக் குளிரில் பாதி காய்ந்த சிறகோடு அதை விரட்டிவிட்டு, ‘டேக் ஆஃப் ஷாட்’ என்று ஸ்டேட்டஸ் போடுகிறார்கள்.

முக்குளிப்பான் கதை இன்னும் மோசம். அதன் கூடே தண்ணீரில் மிதக்கிற பாசிக் குவியல்தான். ஆள் வந்தால் அவசர அவசரமாகப் பாசியை இழுத்து முட்டைகளை மூடிவிட்டுத்தான் முங்கும். திடீரென்று கல் விழுந்தால் மூட ஏது நேரம்? மேலே காகமும் பருந்தும் சுற்றிக்கொண்டிருக்கும். 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் ‘வேட்டை’ என்பதற்கான விளக்கத்துக்குள்ளேயே பறவைகளின் முட்டையையும் கூட்டையும் தொந்தரவு செய்வது வருகிறது. இதைச் சொன்னால், “நாங்க என்ன துப்பாக்கியா வெச்சிருக்கோம்?” என்று சிரிக்கிறார்கள்.

அப்புறம் இந்த லொகேஷன் வியாதி. கூடு இருக்கிற இடத்தை மேப்பில் குத்தி குரூப்பில் போட்டால், அடுத்த ஞாயிறு அங்கே டெம்போ டிராவலர் நிற்கும். இடத்தைப் பற்றிப் படித்துவிட்டாவது வருகிறார்களா என்றால் அதுவும் கிடையாது. 2024-இல் கோத்தகிரி லாங்வுட் சோலை, உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களின் பட்டியலான ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. ராம்சார் என்றால் ஏரி, ஏரி என்றால் வாத்து என்று நினைத்து வந்து, “தண்ணி எங்கண்ணா?” என்று என்னிடமே கேட்டார்கள். அது சோலைக்காடு, தம்பி! சுற்றியுள்ள ஊர்களுக்குத் தண்ணீர் சுரந்து கொடுக்கிற காடு. அங்கே நீலகிரிச் சிரிப்பான் என்கிற பறவையைப் பாருங்கள் என்றால் முகம் தொங்கிவிடுகிறது.

போன வாரம் அணைக்கரையில் கல் விட்ட ஒரு தம்பியிடம் வாய்ச்சண்டையே ஆகிவிட்டது. போகும்போது, “தப்பா எடுத்துக்காதீங்கண்ணா” என்று என் நம்பரை வாங்கிக்கொண்டு போனார். ராத்திரி அந்தப் படத்தை எனக்கே அனுப்பியிருக்கிறார்: “ஷார்ப்பா வரலைங்ணா, ஷட்டர் ஸ்பீடு எவ்வளவு வெக்கணும்?”