ஹீல்ஸ் கடையும் அந்தப் பூனையும்

லண்டன் டாட்டன்ஹாம் கோர்ட் ரோடுல ஹீல்ஸ்னு ஒரு பழைய பர்னிச்சர் கடை. யாரு போனாலும் அந்த சுழல் படிக்கட்ட மேலருந்து ஒரு போட்டோ புடிச்சு, கட்டடம் செமன்னு எழுதிட்டுப் போயிடுறாங்க. செமதான், நானும் அதே போட்டோதான் எடுத்தேன் 😀 ஆனா அந்தக் கடைய இத்தன வருஷம் நிலைக்க வச்சது கட்டடம் இல்ல, மெத்தைங்கறது என் கட்சி.

1810ல ஜான் ஹாரிஸ் ஹீல் ஆரம்பிச்சப்ப மேசை நாற்காலியெல்லாம் கிடையாது. பறவை இறகை சுத்தம் பண்ணி மெத்தைக்குப் போடுற தொழில். 1833ல மனுஷன் போய்ச் சேர்ந்துட்டாரு. குடும்பக் கடைங்க பாதி பேரு இங்கதான் ஷட்டர இழுத்து விட்டுருவாங்க. அவரு சம்சாரம் ஃபேனி விடல, எடுத்து நடத்துனாங்க, அம்மாவும் மகனுமா நடத்துன காலத்துலதான் 1840ல கடை இப்ப இருக்கற எடத்துக்கே வந்துச்சு. இத யாரும் பேசுறதே இல்ல, எல்லாரும் நேரா பேரன் மகன் ஆம்ப்ரோஸ் ஹீல் கதைக்குத் தாவிடுறாங்க.

அவரும் லேசுப்பட்ட ஆளில்ல. தச்சு வேலைய முறையா கத்துக்கிட்டு 1893ல கடைக்குள்ள வந்தவரு. பூவேலை, பாலிஷுன்னு எல்லாரும் ஜோடிச்சிட்டு இருந்தப்ப வெறும் ஓக் கட்டைல சிம்பிளா கட்டில் பண்ணாரு, ஜெயிலுக்குப் போடுற சாமான்னு கடை ஆளுங்களே கிண்டல் பண்ணாங்களாம். 1916ல, உலகப் போர் நடுவுல, இந்தக் கட்டடம். வரைஞ்ச செசில் ப்ரூவர் ஆம்ப்ரோஸுக்கு உறவுக்காரர்தான், பாவம், ரெண்டே வருஷத்துல இறந்துட்டாரு. மாடில ஒரு கேலரி வேற, 1919ல அங்க பிக்காசோ, மோதிலியானி படமெல்லாம் மாட்டியிருக்காங்க. கீழ கட்டில் வியாபாரம், மேல பிக்காசோ!

படிக்கட்டு ஜன்னலோரம் ஒரு வெண்கலப் பூனை உக்காந்திருக்கும், ஏறி இறங்குறவங்கள மொறச்சுப் பாத்துக்கிட்டு. ஒரு தடவ கஸ்டமருக்கு வித்தே போச்சு, அப்புறம் இது கடையோட ராசி, விக்கிறதுக்கில்லன்னு கேன்சல் பண்ணிட்டாங்க. ஆனா 1983ல கடையே கைமாறி டெரன்ஸ் கான்ரான்ங்கற டிசைனரோட குரூப்புக்குப் போயிடுச்சு. 170 வருஷத்துக்கு மேல குடும்பத்துக்கிட்ட இருந்தது. பூனை மட்டும் நகரல.

அடுத்து போறவங்க படிக்கட்ட போட்டோ எடுங்க, வேணாங்கல. அப்படியே மெத்தைப் பக்கம் போய் ஒரு நிமிஷம் உக்காந்துட்டு வாங்க.