'தயவுசெய்து' என்று கேட்பது யார்?

நம் கிராமத்துப் படங்களில் யாரும் 'தயவுசெய்து', 'நன்றி' என்று சொல்வதில்லை, அதனால் வசனம் முரட்டுத்தனமாக இருக்கிறது என்று கட்டுரையில் எழுதியிருக்கிறீர்கள். நான் பாம்பன்காரன். எனக்கு இது சரியாகப் படவில்லை.

எங்கள் கரையில் ஒருவர் வலையை இழுத்துக்கொண்டிருக்கும்போது பக்கத்துப் படகுக்காரரிடம், "அண்ணே, அந்தக் கயித்தக் கொஞ்சம் புடிங்களேன்" என்பார். 'புடிங்களேன்' என்பதன் கடைசியில் வரும் அந்த 'ஏன்'தான் தயவுசெய்து. 'கொஞ்சம்' என்பது கயிற்றின் அளவு இல்லை, கேட்பவரின் பணிவு. கயிறு கட்டி முடிந்ததும் நன்றி சொல்லமாட்டார், "வாங்கண்ணே, டீ சாப்பிடலாம்" என்பார். கிளம்பும்போதும் 'போறேன்' கிடையாது, 'போயிட்டு வர்றேன்'தான். கீழக்கரைப் பக்கம் போனால் அண்ணனை அழைப்பதுபோல 'காக்கா' என்று கூப்பிடுவதிலேயே பாதி மரியாதை வந்துவிடும்.

பழைய பேசும்படங்களில் 'நாதா', 'சுவாமி' என்று மேடை நாடக மரியாதை இருந்தது. அப்புறம் பேச்சுத்தமிழ் வந்ததும் மரியாதை போய்விடவில்லை, வினைச்சொல்லின் வாலுக்கு இடம் மாறிவிட்டது. 'வா', 'வாங்க' இரண்டுக்கும் நடுவில் ஒரு காட்சியே நடக்கும். இவ்வளவு நேரம் 'நீங்க' என்று பேசியவர் சட்டென்று 'நீ' என்றால் திரையரங்கில் நாம் நிமிர்ந்து உட்காருகிறோம், இல்லையா? அது கோபமா, நெருக்கமா என்பதைக் குரல் சொல்லிவிடும். ஆங்கில சப்டைட்டிலில் இரண்டுக்கும் ஒரே 'யூ'தான். அதை மட்டும் படித்துவிட்டு எங்கள் ஆட்களை முரடர்கள் என்றால் மனசு வலிக்கிறது.